முக்தாரின் பெண்கள்

எகிப்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செத்தவர்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். மலை போலக் கல்லை அடுக்கி அதற்குள் படுத்தவர்கள், மலையையே குடைந்து படுத்தவர்கள், பொன் முகமூடி போட்டுக்கொண்டு படுத்தவர்கள் என்று அங்கே செத்தவர்களிலும் பல தினுசு. நானும் அதற்குத்தான் போனேன், பொய் சொல்வானேன்? மூன்று நாள் அவர்களோடு குடித்தனம் செய்தேன். நாலாவது நாள் அலுத்துப் போயிற்று. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவனைப் பார்த்து எத்தனை தரம்தான் ஆச்சரியப்படுவது?

அன்று காலையில், உயிரோடு நடமாடும் எகிப்தைக் கல்லில் வெட்டிய ஒரு மனிதரைத் தேடிக்கொண்டு புறப்பட்டேன். அவர் பெயர் மஹ்மூத் முக்தார். இந்தப் பெயர் நம் வாசகர்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ரோதான் பெயரைச் சொன்னால் தலையாட்டுவோம். மைக்கேல் ஆஞ்செலோவைச் சொன்னால் இன்னும் பலமாகவே ஆட்டுவோம். ஆனால் சிற்பத்தின் தாய்வீடு என்று உலகம் கொண்டாடும் எகிப்தில், இந்தக் காலத்தில் ஒருவன் உளியைக் கையில் எடுத்தான் என்பது நமக்கு ஏனோ தோன்றுவதில்லை. எனக்கும் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு சித்திரக்கலைப் புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. காற்றை எதிர்த்து ஒரு பெண் நிற்கிறாள். அவ்வளவுதான் படம். அந்தக் காற்று என் மேலும் அடித்தது.

முக்தார் 1891-இல் பிறந்தார். நைல் நதி கடலோடு கலக்குமுன் பல கிளைகளாகப் பிரிகிற டெல்டாப் பிரதேசத்தில், மஹல்லா என்ற ஊருக்குப் பக்கத்தில் தன்பாரா என்று ஒரு கிராமம். தகப்பனார் அந்தக் கிராமத்துத் தலைவர்; நாட்டாமை என்று வைத்துக்கொள்ளுங்களேன். டெல்டா முழுவதும் ஆற்று வண்டல். அங்கே கல்லுக்கு எங்கே போவது? பையன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து களிமண்ணைப் பிசைந்து பொம்மை செய்தான். வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்களும், வயலில் குனிந்து நிமிர்ந்தவர்களும், கழுதை ஓட்டிப் போனவர்களும்தான் அவன் கண்ணில் பட்டவர்கள். பின்னாளில் அவர் பாரிஸில் இருந்துகொண்டு வெட்டிய உருவங்களையெல்லாம் பார்க்கும்போது, அந்த வாய்க்கால் கரையை விட்டு அவர் எழுந்து வரவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சிறு வயதிலேயே கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தார். வந்த வேளை நல்ல வேளை. 1908-இல் யூசுப் கமால் என்ற இளவரசர் தம் சொந்தப் பணத்தில் ஒரு கலைப் பள்ளியைத் திறந்தார். சம்பளம் கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம். லாப்லாஞ் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமை ஆசிரியர்; சிற்பமும் அவரே சொல்லிக் கொடுத்தார். முதல் வகுப்பிலேயே முக்தார் சேர்ந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். உருவம் சமைப்பது பாவம் என்ற எண்ணம் முஸ்லிம் நாடுகளில் வெகு காலமாக ஊறிப்போன ஒன்று. அப்படிப்பட்ட தேசத்தில் சிலை வடிக்கப் பள்ளிக்கூடம் நடத்தினால் ஊர் சும்மா இருக்குமா? பெரிய கலவரம் எதுவும் வரவில்லை. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் எகிப்தின் தலைமை முப்தியாக இருந்த முஹம்மது அப்துஹ். பள்ளி திறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் காலமாகிவிட்டார். ஆனால் அதற்கு முன்னால் சிசிலித் தீவுக்குப் போய் அங்கே ஓவியங்களையும் சிலைகளையும் பாதுகாத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, இவற்றை இன்று யாரும் கும்பிடப் போவதில்லை, இவற்றால் அறிவுக்கு லாபமே உண்டு என்ற கருத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரு மதப் பெரியவர் ஒரு பயணக் கட்டுரை எழுதினதன் பலன் இது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சந்தோஷப்படலாம்.

1911-இல் அதே இளவரசர் செலவில் முக்தார் பாரிஸுக்குப் போனார். பாரிஸ் கலைக் கல்லூரியில் புது மாணவர்களைப் படுத்திவைக்கும் வழக்கம் உண்டு. எந்த ஊரில்தான் இல்லை? இந்த எகிப்தியப் பையன் கிடைத்ததும் அவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டதாம். உடுப்பைக் கழற்றிவிட்டு, தலையில் ஒரு கிரீடத்தை வைத்து, ராம்ஸேஸ் மகாராஜா என்று சொல்லி வீதியில் ஊர்வலம் விட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். எகிப்தியன் என்றால் ராம்ஸேஸ், வேறென்ன? இந்த ராம்ஸேஸ் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முக்தாரின் கதையில் அது இன்னொரு தரமும் வரும்.

முதல் உலக யுத்தம் வந்தது. உபகாரப் பணம் நின்றது. வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் கூலி வேலை செய்து வயிற்றைக் கழுவினார். பிறகு கிரெவென் மெழுகுப் பொம்மைக் காட்சிசாலையில் வேலை கிடைத்தது. பிரபல மனிதர்களை அச்சாக மெழுகில் வார்த்து, நிஜ முடி ஒட்டி, நிஜக் கோட்டு மாட்டி நிறுத்துகிற இடம் அது. சிற்பிக்கு இதைவிடக் கேவலமான உத்தியோகம் இருக்க முடியாது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூக்கும் முழியும் அப்படியே இருக்கிற பொம்மைகளை நாள் முழுவதும் செய்துவிட்டு வந்தவனுக்குத்தான், மூக்கும் முழியும் எவ்வளவு அற்பமான விஷயம் என்று தெரியும். பின்னால் அவர் செய்த குடியானவப் பெண்களின் முகத்தில் விவரமே கிடையாது. ஒரு நெற்றி, ஒரு கன்னம், ஒரு மௌனம், அவ்வளவோடு விட்டுவிடுவார்.

1919-இல் எகிப்து கொதித்து எழுந்தது. ஸாத் ஸக்லூலை ஆங்கில சர்க்கார் பிடித்து மால்டாத் தீவுக்கு அனுப்பியது. மாணவர்கள், குமாஸ்தாக்கள், குடியானவர்கள் எல்லோரும் தெருவில் இறங்கினார்கள். அந்தப்புரத்தை விட்டு வெளியே வந்திராத பெரிய வீட்டுப் பெண்கள் முகத்திரையோடு ஊர்வலம் போனார்கள். இந்தச் செய்திகளைப் பாரிஸில் பத்திரிகைகளில் படித்துக்கொண்டிருந்த முக்தார் ஒரு சிலைக்கு மாதிரி செய்தார். 'நஹ்தத் மிஸ்ர்' என்று பெயர். எகிப்தின் எழுச்சி என்று அர்த்தம். 1920-இல் அது பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

சிலை இதுதான். கீஸாவில் மணலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறதே ஸ்பிங்க்ஸ், மனிதத் தலையும் சிங்க உடலுமாக, அது இங்கே முன்னங்கால்களை ஊன்றி எழுந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு குடியானவப் பெண் நிற்கிறாள். ஒரு கை சிங்கத்தின் தலைமேல் இருக்கிறது. மற்றொரு கை முகத்திரையை விலக்குகிறது. ஊரெல்லாம் ஓடி ஒளிந்த பூதத்தை ஒரு கிராமத்துப் பெண் வீட்டு மாட்டைத் தட்டி எழுப்புவது போல எழுப்பிவிட்டாள். வயலில் வேலை செய்கிற பெண்ணுக்கு அப்படி முகத்தை மூடிக்கொள்ள ஏது நேரம், அது பட்டணத்துச் சீமாட்டிகளின் வழக்கம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிற்பி இரண்டு பெண்களையும் சேர்த்து ஒருத்தியாக்கிவிட்டார். அரசியல்வாதிகளால் அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாத காரியம்.

சுதந்தரம் கேட்டுப் பாரிஸுக்குப் போயிருந்த எகிப்தியத் தலைவர்கள் இந்தச் சிலையைப் பார்த்தார்கள். தேசத்துக்கே இதைப் பெரிதாக வடித்து நிறுத்த வேண்டும் என்று ஊருக்கு எழுதினார்கள். 'அல் அக்பார்' பத்திரிகை நிதி திரட்டியது. 6,500 பவுன் சேர்ந்தது. மன்னரோ மந்திரியோ கட்டளையிட்டுச் சிலை எழும்புவதுதான் எகிப்தின் ஐயாயிரம் வருஷத்து வழக்கம். இதற்கு ஏழைகளும் தங்கள் சில்லறையை அனுப்பினார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்தச் சிலை மேல் மரியாதை.

பிறகு நடந்தது சர்க்கார் காரியம். ஆகையால் நிதானமாக நடந்தது. பணம் போதவில்லை. மந்திரி சபைகள் மாறின. மாறும்போதெல்லாம் வேலை நின்றது. பாராளுமன்றத்தில் பேச்சு நடந்தது. கருங்கல் அஸ்வானிலிருந்து வர வேண்டும். பழைய மன்னர்கள் தூணுக்கும் சவப்பெட்டிக்கும் வெட்டி எடுத்த அதே இளஞ்சிவப்புக் கருங்கல். வெண்கலத்தில் வார்த்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கல்லைப் பெரிய சிலையாகச் செதுக்கும் வித்தை அந்த நாட்டில் எத்தனையோ நூற்றாண்டுகளாக அற்றுப் போயிருந்தது. கல் சொல்வதைக் கேட்கும் என்று இரண்டாவது தரமாக நிரூபிக்க வேண்டியிருந்தது. கெய்ரோ ரயில் நிலையத்துக்கு எதிரே, பாப் அல் ஹதீத் சதுக்கத்தில், வருஷக்கணக்கில் உளிச் சத்தம் கேட்டது.

இதற்கு நடுவில் இரண்டு சம்பவங்கள். 1922-இல் தூதங்காமனின் கல்லறை திறக்கப்பட்டு உலகம் முழுவதும் பொன் மோகம் பிடித்தது. 1923-இல் ஹுதா ஷராவி என்ற அம்மையார் ரோமாபுரியில் மாதர் மகாநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி, இதே கெய்ரோ ரயில் நிலையத்தில் இறங்கியபோது, கூடியிருந்தவர்கள் முன்னிலையில் முகத்திரையை எடுத்துவிட்டார். கல் பெண் செய்ததை உயிருள்ள பெண் பின்னால் செய்தார். அதுவும் அந்தக் கல் பெண் வந்து நிற்கப்போகிற இடத்துக்கு எதிரேயே. நாவலில் இப்படி எழுதினால், ஆசிரியர் வேண்டுமென்றே முடிச்சுப் போடுகிறார் என்று விமரிசகர்கள் சொல்வார்கள்.

1928 மே மாதம் பூவாத் மன்னர் சிலையைத் திறந்து வைத்தார். மாதிரி செய்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. முக்தாருக்கு முப்பத்தேழு வயது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எகிப்தின் எழுச்சி முக்தாரின் மிகச் சிறந்த சிலை என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய சிலை, அவசியமான சிலை. ஆனால் அது ஒரு விஷயத்தைச் சொல்வதற்காக நிற்கிறது. சொல்லி முடித்ததும் நாம் நகர்ந்துவிடுகிறோம். நகர விடாமல் நிறுத்துகிறவை அவருடைய சிறிய சிலைகள்தாம்.

கெய்ரோவில் நதிக்கு நடுவே கெஸீரா என்ற தீவு. அங்கே ஒரு தோட்டத்துக்குள் முக்தாரின் மியூசியம் இருக்கிறது. 1962-இல் திறந்தது. ராம்ஸேஸ் விஸ்ஸா வாஸெப் என்ற நல்ல கட்டடக் கலைஞர் கட்டியது. (இவர் வேறு ராம்ஸேஸ், நான் சொன்னவர் அல்ல.) நான் போன அன்று என்னைத் தவிர அங்கே பார்வையாளர் யாரும் இல்லை. காவலர் எனக்காக ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் ஓர் அறையை விட்டு வெளியே வந்ததும் அணைத்தார். சிக்கனமான மனிதர்.

என் புத்தகத்துப் பெண் அங்கே இருந்தாள். 'கமாஸீன்' என்று பெயர். வசந்த காலத்தில் பாலைவனத்திலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்து நாள்கணக்கில் வீசும் சூடான காற்றுக்கு எகிப்தில் அந்தப் பெயர். அந்தக் காற்றில் ஒரு பெண் மாட்டிக்கொண்டிருக்கிறாள். துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, உடம்பை முன்னால் சாய்த்து நடக்கிறாள். துணி பின்னால் பறக்கிறது. காற்றைக் கல்லில் செதுக்க முடியாது. ஆகையால் துணியைச் செதுக்கிவிட்டு, காற்றை நம்மிடம் விட்டுவிட்டார். நேராக எதிரே நின்றால் அவள் ஒடிந்துவிடுவாள் போலிருக்கிறது. பக்கவாட்டில் வந்து பார்த்தால் இவளைத் தள்ளக் காற்றுக்குச் சக்தி போதாது என்று தெரிகிறது. நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன். காவலர் பொறுமையாக விளக்கை விட்டுவைத்தார்.

இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். 'ரகசியம் காப்பவள்' என்று அதற்குப் பெயர். தலையோடு போர்த்திக்கொண்டு, உடம்பை ஒடுக்கி, ஒரே கட்டியாக இருக்கிறாள். பழைய எகிப்தியர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மனிதனைச் சதுரக் கல்லாகவே செதுக்குவார்கள். அந்தக் கணக்குத் தெரிந்தவர் செய்த சிலை இது. ஆனால் அந்தப் பழைய மனிதன் சாவுக்காகக் காத்திருப்பான். இவள் எதற்காகவும் காத்திருக்கவில்லை. யாரோ சொன்ன ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இவளைத் தெரியும்.

தண்ணீர் எடுக்கப் போகிறவள், எடுத்துக்கொண்டு திரும்புகிறவள், பாலாடைக்கட்டி விற்கிறவள், மத்தியானத்தில் கண் அயர்ந்தவள் என்று இன்னும் பலர். அரசர்கள் யாரும் இல்லை. இருக்கிற பெரிய மனிதர் ஒருவர் 'ஷேக் அல் பலத்', அதாவது கிராமத் தலைவர். இதில் ஒரு வேடிக்கை. 1860-இல் மரியத் என்ற பிரெஞ்சுக்காரர் ஸக்காராவில் தோண்டியபோது, நாலாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு மரச்சிலை கிடைத்தது. தொந்தியும் கைத்தடியுமாக ஒரு குண்டு மனிதர். தோண்டிய கூலியாட்கள் அதைப் பார்த்ததும், "அடே, இது நம்ம ஊர் ஷேக் அல் பலத்!" என்று கூவினார்களாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பாண்டித்தியம் இல்லாத அந்தக் கூலியாட்களுக்குத் தெரிந்தது முக்தாருக்கும் தெரிந்திருந்தது. கிராமத் தலைவரின் மகன் அல்லவா? மன்னர்கள் மாறிப் போனார்கள். மதம் மாறியது, மொழி மாறியது. குடியானவன் முகம் மட்டும் மாறவில்லை.

1930-இல் பாரிஸில் பெர்னேம் காட்சிசாலையில் இந்தச் சிலைகளை வைத்தார். நல்ல பெயர் கிடைத்தது. 'நைல் நதியின் மணமகள்' என்ற சிலையைப் பிரெஞ்சு சர்க்காரே வாங்கிக்கொண்டது. பாரிஸிலேயே தங்கியிருந்தால் சுகமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தச் சமயத்தில்தான் ஸாத் ஸக்லூல் சிலைகளின் வேலை வந்தது. ஸக்லூல் 1927-இல் காலமாகியிருந்தார். கெய்ரோவுக்கு ஒன்று, அலெக்ஸாண்டிரியாவுக்கு ஒன்று என்று ஏற்பாடு. முக்தார் வேலையை ஆரம்பித்தார். 1930-இல் மந்திரிசபை கவிழ்ந்து, ஸக்லூலின் கட்சியைப் பிடிக்காத இஸ்மாயில் ஸித்கி பிரதமரானார். செத்த தலைவரின் சிலை உயிரோடிருக்கும் கட்சிக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்துவிடுமே! சிலைகளுக்கு முட்டுக்கட்டை விழுந்தது. சிற்பி வழக்குக்கும் வம்புக்கும் அலைந்தார். ஏழைகளின் காசில் சிலை வைத்தவருக்கு, சர்க்கார் காசில் வைப்பதன் சங்கடம் அப்போதுதான் முழுவதும் விளங்கியிருக்கும்.

உடம்பு கெட்டது. 1934 மார்ச்சு மாதம் கெய்ரோவில் முக்தார் காலமானார். நாற்பத்திரண்டு வயது. சிலைகள் நாலு வருஷம் கழித்து, 1938-இல் திறக்கப்பட்டன. கெய்ரோச் சிலையில் ஸக்லூல் உயரமான பீடத்தின் மேல் கையை நீட்டி நிற்கிறார். நன்றாகவே இருக்கிறது. ஆனால் கீழே, பீடத்தில், வழக்கம் போல முக்தாரின் பெண்கள் இருக்கிறார்கள். என் கண் தலைவரை விட்டுவிட்டு அங்கேயே போயிற்று.

ராம்ஸேஸ் பெயர் மறுபடி வரும் என்றேன் அல்லவா? 1952-இல் புரட்சி நடந்தது, மன்னர் போனார், குடியானவன் பெயரைச் சொல்லியே ஒரு புது ஆட்சி வந்தது. 1955-இல் அந்த ஆட்சி, மெம்பிஸ் நகரம் இருந்த இடத்தில் கிடந்த இரண்டாம் ராம்ஸேஸின் பிரம்மாண்டமான சிலையை, பதினோரு மீட்டர் உயரம், எண்பது டன்னுக்கு மேல் எடை, கெய்ரோவுக்குக் கொண்டு வந்து ரயில் நிலையத்துக்கு எதிரே நிறுத்தியது. அந்த இடத்தில் இருந்த குடியானவப் பெண்ணையும் அவள் எழுப்பிய சிங்கத்தையும் பெயர்த்து, நதிக்கு அக்கரையில், கீஸாவில், சர்வகலாசாலைக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார்கள். அன்னிய சர்க்காரும் மன்னரும் இருந்த காலத்தில் ஊர் நடுவில் நின்ற குடியானவப் பெண்ணுக்கு, சொந்த சர்க்கார் வந்ததும் மாற்றல் உத்தரவு. சதுக்கத்துக்கே ராம்ஸேஸ் பெயரை வைத்தார்கள். ரயில் நிலையத்தையும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள்.

ராம்ஸேஸுக்கும் அந்த இடம் ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டார்ப் புகையும், பூமிக்கு அடியில் ரயில் ஓடும் அதிர்ச்சியும், தலைக்கு மேல் போட்ட பாலங்களும் சேர்ந்து மூவாயிரம் வருஷம் தாங்கிய கல்லை ஐம்பதே வருஷத்தில் அரிக்கத் தொடங்கின. 2006 ஆகஸ்டில் அவரைப் பெரிய வண்டியில் ஏற்றி, ஊரே விடிய விடிய விழித்திருந்து கையசைக்க, பிரமிடுகள் பக்கம் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே புது மியூசியத்தின் கூடத்தில் குளுகுளுவென்று நிற்கிறார்.

அவர் போன பிறகும் குடியானவப் பெண்ணைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை. நான் சர்வகலாசாலைப் பக்கம் போய்ப் பார்த்தபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். வகுப்பு முடிந்து மாணவிகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சிலையின் வேலி ஓரமாக ஒரு பெண் நின்று புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். வந்த பஸ்ஸில் இடமில்லை, அடுத்ததிலும் இல்லை. மூன்றாவது பஸ்ஸில் ஒரு காலை வைத்துத் தொற்றிக்கொண்டு போய்விட்டாள்.